பத்து ரூபாய் இட்லிக்கு எதற்கு வழிகாட்டி? மதுரை உணவு நடைகளின் கணக்கு

மாலை ஆறு மணிக்கு மேல் விளக்குத்தூண் பக்கமோ டவுன் ஹால் ரோட்டிலோ நின்றால் இந்தக் காட்சி கண்ணில் படும். ஏழெட்டுப் பேர் ஒரு கடை முன் கூடுகிறார்கள். ஒருவர் எதையோ விளக்குகிறார். ஒரே தட்டிலிருந்து ஆளுக்கொரு விள்ளல் எடுத்துக்கொண்டு, கை கழுவிவிட்டு, அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இது விளங்குவதில்லை. ஒரு தோசையை முழுசாகத் தின்னாமல் அது என்ன சாப்பாடு? நாலு தலைமுறையாக நாம் போய்வரும் கடைக்கு வழி காட்ட ஒரு ஆளா? அதற்கு ஆயிரக்கணக்கில் கட்டணமா?

கேள்வி நியாயமானதுதான். பதில் மதுரையின் வீதி அமைப்பிலும், இங்கே அடுப்பு மூட்டும் நேரத்திலும், கொஞ்சம் வகுத்தல் கணக்கிலும் இருக்கிறது.

உணவு நடை என்றால் என்ன?

பழைய நகர்ப் பகுதி ஒன்றை வழிகாட்டியோடு இரண்டரை முதல் நான்கு மணி நேரம் நடந்து, ஆறு முதல் பத்துக் கடைகளில் சிறு அளவில் ருசி பார்ப்பதே உணவு நடை. சாப்பாட்டுச் செலவு கட்டணத்திலேயே அடக்கம். நின்று சாப்பிடும் ஒவ்வொரு இடத்தையும் 'நிறுத்தம்' என்கிறார்கள். ஒரு நிறுத்தத்தில் ஒருவருக்குக் கிடைப்பது 'ருசிப் பங்கு'. முழுச் சாப்பாட்டில் அது ஆறில் ஒன்றோ எட்டில் ஒன்றோ இருக்கும்.

பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் மரபு நடையில் பேச்சு முதன்மை, டீ இடைவேளை உபரி. இதில் அது தலைகீழ். மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் பெரும்பாலும் போவதில்லை. 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோவிலுக்குள் கைபேசிக்குத் தடை வந்தது. கைபேசியை ஒப்படைத்து, செருப்பை விட்டு, வரிசையில் நின்று திரும்புவதற்குள் இரண்டு நிறுத்தங்களுக்கான நேரம் போய்விடும். வயிறு நிறைய பரோட்டாவோடு சன்னதிக்குப் போக மனம் ஒப்பாதவர்களும் உண்டு.

வீதி மாறினால் அடுப்பும் மாறும்

மதுரையின் பழைய நகரம் மீனாட்சி அம்மன் கோவிலை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாக விரிகிறது. கோவிலுக்குள் ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதற்கடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. இவற்றில் வெளி வீதி வயதில் இளையது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்ததால் கிடைத்த நிலத்தில் எழுந்தது. அந்த வேலையில் இருந்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றைக்கும் வீதிப் பெயர்களாக இருக்கிறார்கள். பிளாக்பர்ன் நினைவாக எழுப்பிய விளக்குத்தூண், ஜிகர்தண்டா குடிக்க வருகிறவர்கள் ஆட்டோக்காரரிடம் சொல்லும் அடையாளமாகிவிட்டது.

கோவிலிலிருந்து வெளியே நடக்க நடக்கச் சாப்பாடு மாறுகிறது. இதைக் கறாரான விதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் பொருந்தும். சித்திரை வீதியிலும் ஆவணி மூல வீதியிலும் சைவக் கடைகளே அதிகம்: டபரா காபி, வெள்ளையப்பம், பஜ்ஜி, அல்வா. மேற்கே ரயில் நிலையத்தை நோக்கிப் போகும் டவுன் ஹால் ரோட்டில் லாட்ஜும் டிபன் கடையும் அடுத்தடுத்து வரும். 1870களில் ரயில் வந்த பிறகு, வண்டியிலிருந்து இறங்கிய யாத்ரீகர்கள் கோபுரத்தைப் பார்த்து நடந்த வழி அது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். பசியோடு இறங்கியவர்களை நம்பி அந்த வழியில் அடுப்புகள் வந்தன.

கீழ மாசி வீதி மொத்த மளிகைக்காரர்களின் இடம். மூட்டை தூக்குகிறவர்களும் வண்டிக்காரர்களும் சாப்பிடுவது வேறு மாதிரி. கூழ், பருத்திப்பால், வயிற்றில் தங்கும் டிபன். தெற்கே திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிச் சௌராஷ்டிரர்கள். நாயக்கர் காலத்தில் பட்டு நெசவுக்காக இங்கே நிலைத்த சமூகம் அது. அந்தத் தெருக்களில் மாலையில் பச்சை நிறத்தில் பொரிந்து வரும் முள்ளுமுருங்கை வடை, மேலே தூவிய இட்லிப் பொடியோடு கைக்கு வரும். பெரிய பள்ளிவாசல் இருக்கும் காஜிமார் தெருப் பக்கம் போனால் மணமே வேறு. வடக்கே சிம்மக்கல்லில் கறிதோசை. கிழக்கே வெளி வீதியில் சீரகச் சம்பா பிரியாணி.

ஆவணி மூல வீதியின் பெயருக்குப் பின்னால் இருக்கும் திருவிழாவே ஒரு பலகாரக்காரியின் கதைதான். வைகையில் வெள்ளம். கரையடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆளில்லை. கூலியாளாக வந்த சிவன் உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொள்கிறார். அன்றைக்கு அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தே வந்தது என்பார்கள். தின்றுவிட்டு மண் சுமக்காமல் படுத்துத் தூங்கியவருக்கு விழுந்த பிரம்படி எல்லோர் முதுகிலும் பட்டது. இந்தத் திருவிளையாடலை ஆவணி மூல நாளில் புட்டுத்தோப்பில் இன்றும் நடத்துகிறார்கள். வந்திக்குக் கடை என்று ஒரு கட்டடம் இருந்திருக்காது, தெருவில் அவித்து விற்றவள்தான். வழிகாட்டி ஆவணி மூல வீதியைக் கடக்கும்போது இதைச் சொல்லாமல் பிளாக்பர்னை மட்டும் சொன்னால், மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கே என்பதைவிட எப்போது

வீதி தெரிந்தால் மட்டும் போதாது. வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது பெரும்பாலும் நேரத்தில்தான். வலைத்தளத்தில் படித்த கடையைத் தேடிப் பிடித்துப் போய் நிற்பார்கள். அடுப்பு அணைந்திருக்கும், அல்லது இன்னும் மூட்டியிருக்க மாட்டார்கள்.

பருத்திப்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்திக்கொட்டையை இரவே ஊறப்போட வேண்டும். அரைத்து, துணியில் பிழிந்து, சக்கையை மறுபடி அரைத்துப் பிழிய வேண்டும். அந்தப் பாலில் அரிசி மாவு கரைத்து, அடிப்பிடிக்காமல் கிண்டிக் காய்ச்சி, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலக்காயும் தேங்காய்ப் பூவும் போடுவார்கள். ஒரு பானை தீர்ந்தால் அந்த வேளைக்கு அவ்வளவுதான். "இன்னும் அரைமணியில ரெடி" என்று சொல்லக்கூடிய பண்டம் இல்லை அது.

மற்றவற்றுக்கும் அப்படி ஒரு கடிகாரம் உண்டு. அயிரை மீன் குழம்பும் குடலும் மதிய மெஸ் சமாச்சாரம். பஜ்ஜியும் வடையும் நாலு மணிக்கு மேல். கொத்துப் பரோட்டா போடும் கல்லின் சத்தம் இரவு ஏழுக்குப் பிறகுதான் தெருவை நிறைக்கும். இட்லிக்கு மட்டும் நேரமே கிடையாது.

ராத்திரிக் கடை இந்த ஊருக்குப் புதிதல்ல. சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சி, பகல் சந்தையை நாளங்காடி என்றும் இரவுச் சந்தையை அல்லங்காடி என்றும் சொல்கிறது. மெல்லிய அடையும் மோதகமும் விற்றவர்கள் இரவு ஏறியதும் கடையிலேயே தூங்கி வழிவதையும் காட்டுகிறது. இன்றைய நிலைமை கொஞ்சம் சிக்கல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை நாள் முழுக்கத் திறந்து வைக்கத் தமிழக அரசு 2019இல் அனுமதித்தது, 2022இல் அதை நீட்டித்தது. தள்ளுவண்டியில் ஒரு அக்காவும் அவர் மகனும் மட்டும்தான். அவர்களுக்கு அந்த ஆணை துணைக்கு வராது. ஆகவே நள்ளிரவு இட்லிக் கடை இருக்குமா என்பது அன்றைய ரோந்துக்காரரின் மனநிலையைப் பொறுத்தது.

வழிகாட்டி விற்பது முக்கியமாக இந்த நேரக் கணக்கைத்தான். எந்தக் கல் எப்போது சூடாகும், எந்தக் கடையில் கூட்டம் நெரியும் முன்பே நுழைய வேண்டும், எந்த நாளில் எது கிடைக்காது என்ற விவரம் அது. காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள் ஆகியவற்றில் இறைச்சிக் கடைகளை மூட அரசு உத்தரவு உண்டு. அன்றைக்குக் கறிதோசையை நம்பிப் பணம் கட்டியவர் ஏமாறுவார். புரட்டாசி சனிக்கிழமைகளுக்கு உத்தரவு ஏதும் இல்லை. கூட்டம் தானாகவே குறைந்துவிடும்.

ஏன் குழுவாகப் போக வேண்டும்?

கறிதோசையைப் பார்த்தால் இது விளங்கிவிடும். மாஸ்டர் மாவைத் தடிமனாக ஊற்றி, அது வேகும்போதே முட்டையை உடைத்துப் பரப்புகிறார். அதன் மேல் ஏற்கெனவே மசாலாவில் வெந்த கொத்துக்கறியை அள்ளிப் போட்டு, தோசைத் திருப்பியின் முதுகால் அழுத்துகிறார். எண்ணெய் ஓரத்தில் குமிழியிடும். பிறகு ஒரே வீச்சில் புரட்டல். மாவு, முட்டை, கறி என மூன்று அடுக்கு. கூடவே கறிக்குழம்பு. திடமான ஆள் ஒருவர் இதை முழுசாகச் சாப்பிட்டால் அன்றிரவுக்கு வேறு எதுவும் இறங்காது.

கணக்கு இப்படிப் போகிறது:

1. தனியாக வருகிறவர் ஒரு மாலையில் ருசிக்க முடிவது இரண்டு பண்டம், மிஞ்சினால் மூன்று.
2. எட்டுப் பேர் ஒரு தட்டைப் பங்கிட்டால், ஒரு முழுச் சாப்பாட்டின் அளவுக்குள் எட்டுப் பண்டங்கள் அடங்கும்.
3. அதற்குக் கடைக்காரர் ஒப்ப வேண்டும். கூட்ட நேரத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து ஒரு தோசை சொன்னால், சப்ளையர் பார்க்கும் பார்வையே தனி. முன்கூட்டியே பேசி வைத்தால்தான் நடக்கும்.
4. பங்கு நிஜமாகவே சிறிதாக இருக்க வேண்டும். முதல் இரண்டு நிறுத்தங்களில் தாராளம் காட்டும் நடைகள் ஐந்தாவதில் படுத்துவிடும்.

வரிசையும் முக்கியம். ஜிகர்தண்டாவை நடுவில் வைத்தால் நடை அங்கேயே முடிந்த மாதிரிதான். சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று கனமான சங்கதி அது. காரத்துக்கும் பரோட்டாவுக்கும் பிறகு, கடைசியில் வருவதே முறை.

கட்டணம் எங்கே போகிறது?

கீழே இருக்கும் எண்கள் கணக்கு புரிவதற்காக மட்டும். எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலும் அல்ல. ஆளுக்கு 1,500 ரூபாய், எட்டுப் பேர் என்று வையுங்கள். மொத்தம் 12,000.

1. முன்பதிவு இணையதளத்தின் தரகு: 20 சதவீதம் என்று கொண்டால் 2,400. சில தளங்களில் இதற்கு மேலும் போகும்.
2. சாப்பாடு: ஆளுக்கு 250 வீதம் 2,000.
3. வழிகாட்டியின் ஒரு வேளை ஊதியம்: 2,500.
4. ஜிஎஸ்டி: பதிவு பெற்ற நிறுவனமானால் 5 சதவீதம், 600.
5. மிச்சம் 4,500. அலுவலகம், போன், விளம்பரம், ஆள் வராத நாட்கள், லாபம் எல்லாம் இதற்குள்.

அதே நடைக்கு இரண்டு பேர் மட்டும் வந்தால் வரவு 3,000. தரகு 600, வரி 150, வழிகாட்டிக்கு அதே 2,500. பங்கு போட ஆள் இல்லாததால் சாப்பாட்டுச் செலவு எட்டுப் பேருக்கு ஆவதைப் போல் கால் பங்காகக் குறையாது, 700 என்று கொள்ளலாம். 950 ரூபாய் கைநஷ்டம். 'குறைந்தது நான்கு பேர்' என்ற நிபந்தனையும், தனி நடைக்கு இரட்டிப்புக் கட்டணமும் இதனால் வருபவை.

கவனிக்க வேண்டியது இரண்டாவது வரி. அடுப்படியில் நிற்பவருக்குப் போனது ஆறில் ஒரு பங்கு. அநியாயம் என்று சட்டெனச் சொல்லிவிட முடியாது. அவர் வழக்கமான விலைக்கு விற்றார், வழக்கமான லாபம் கிடைத்தது. ஆனால் "உள்ளூர் வியாபாரிகளை வாழவைக்கும் பயணம்" என்று விளம்பரத்தில் எழுதும்போது இந்த ஆறில் ஒன்றை நினைத்துக்கொள்வது நல்லது.

சந்தேகப்பட வேண்டியது மலிவான நடையைத்தான். சாப்பாட்டுக் கடையில் தரகு கொடுக்குமளவுக்கு லாபம் கிடையாது. பட்டும் கைவினைப் பொருளும் விற்கும் கடைகளில் உண்டு. "மாடியிலிருந்து கோபுரம் நன்றாகத் தெரியும், இலவசம்" என்று கோவிலைச் சுற்றி அழைக்கும் கடைகளின் கதை மதுரையில் எல்லோருக்கும் தெரியும். அத்தகைய மாடியில் முடியும் உணவு நடையில், நீங்கள் மிச்சம் பிடித்த தொகை அங்கே வசூலாகிறது.

வயிற்றைக் கெடுப்பது எது?

தெருச் சாப்பாடு என்றதும் பயம் எண்ணெய்ச் சட்டி மேல் போகிறது. கல்லில் கண் முன்னே சூடாக வேகும் பண்டத்தில் கிருமி பிழைப்பது கடினம். ஆபத்து ஆறிப்போனதில் இருக்கிறது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பம் கிருமிகள் பெருகத் தோதானது. மதுரை மாலையில் வாளியில் இருக்கும் தேங்காய்ச் சட்னி அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. சட்னி, தண்ணீர், ஐஸ், தட்டு கழுவும் வாளி ஆகியவற்றைப் பார்த்த பிறகு எண்ணெயைப் பாருங்கள்.

எண்ணெய்க்கும் விதி உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெய் சிதைந்து, அதில் துருவச் சேர்மங்கள் என்ற கழிவுப் பொருட்கள் கூடும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதை அளக்கக் கருவி வேண்டும். நமக்கு அடையாளம் கறுத்த நிறமும், சூடு ஏறும் முன்பே கிளம்பும் புகையும், ஓரத்தில் அடங்காத நுரையும்தான். அச்சிட்ட செய்தித்தாளில் வடையை வைத்துக் கொடுப்பதற்கும் தடை இருக்கிறது. 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தட்டின் மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் தடை. வாழை இலைத் துண்டு விரித்த கடை இந்த இரண்டிலும் தேறிவிடும்.

கடைக்கு என்ன ஆகிறது?

வாரத்துக்கு மூன்று குழு வந்தால் ஒரு சின்னக் கடைக்குப் பெரிய வருமானம் இல்லை, பெயர் வரும். பெயர் வந்தால் வீடியோ எடுப்பவர்கள் வருவார்கள். அதன் பிறகு வழக்கமாக ஏழு மணிக்கு வந்து நாலு இட்லி வாங்கிப்போகிற பக்கத்து வீட்டுப் பாட்டி வரிசையில் நிற்க வேண்டியதாகிவிடும். வெளிநாட்டவருக்காக மிளகாயைக் குறைக்கும் கடைகளும் உண்டு. குறைத்த காரம் குழுவின் தட்டோடு நின்றால் பரவாயில்லை, சட்டிக்கே போனால் அந்தக் கடை போச்சு.

நடைகள் எல்லாம் ஏற்கெனவே பேர் பெற்ற ஏழெட்டுக் கடைகளையே சுற்றுவது இன்னொரு பிரச்சினை. இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. தள்ளுவண்டி நாளை அதே இடத்தில் இருக்கும் என்ற உறுதி கிடையாது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் விற்பனைச் சான்றிதழும் நகர விற்பனைக் குழுவும் வேண்டும் என்கிறது. விற்கக் கூடாத பகுதிகளை ஒதுக்கவும் அதில் வழி உண்டு. கோவிலைச் சுற்றிப் பாதுகாப்புக் கெடுபிடியும் சாலை வேலையும் சேரும்போது, வண்டி ஒரு தெரு தள்ளிப் போய்விடும். முன்பதிவை நம்பி நடத்துகிறவர்கள் கூரையுள்ள கடையையே நாடுகிறார்கள். வந்தியின் வழிவந்தவர்கள் பட்டியலில் இடம்பெறுவது இதனால்தான் குறைவு. என் கணக்கில், ஒரு நடை எவ்வளவு நல்லது என்பதற்கு அளவுகோல் இது: எட்டு நிறுத்தத்தில் எத்தனை வண்டிகள்?

பணம் கட்டும் முன்

1. எத்தனை நிறுத்தம் என்பதோடு, எத்தனை மணிக்கு எது என்றும் கேளுங்கள். மதியம் மூன்று மணிக்குத் தொடங்கி கொத்துப் பரோட்டா காட்டுகிறேன் என்றால் நம்ப வேண்டாம்.
2. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் தனி நடை கேட்பது நல்லது. கலப்புக் குழுவில் பாதி நிறுத்தங்களில் வேடிக்கைதான் பார்க்க வேண்டியிருக்கும்.
3. சர்க்கரை நோய், வேர்க்கடலை ஒவ்வாமை போன்றவற்றை முன்பே சொல்லுங்கள். சட்னியில் கடலை சேர்ப்பது இங்கே சகஜம்.
4. சித்திரைத் திருவிழாத் தேரோட்ட நாளில் எந்த உணவு நடைக்கும் பணம் கட்டாதீர்கள். தேர் வருவது மாசி வீதிகளில். அன்றைக்கு அங்கே நடக்கவே இடமிருக்காது. நீர்மோரும் பானகமும் சோறும் பந்தலுக்குப் பந்தல் சும்மாவே கிடைக்கும்.
5. இரண்டாவது தட்டு வேண்டுமென்றால் கடைக்காரரிடமே தனியாக வாங்கி, கல்லாவில் நேரடியாகப் பணம் கொடுத்துவிடுங்கள்.